இரண்டு பேருக்கும் தெரிந்த வீடு

புது ஊரில் வீடு பிடித்ததும் துணையோடு வேலைகளைப் பங்கு போட்டுக்கொள்வது வழக்கம். மின்சாரம், தண்ணீர், இணையம் ஒருவர் தலையில். அலமாரி, சமையலறை, வங்கி இன்னொருவர் தலையில். வேலை சீக்கிரம் முடியும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒருவர் வெளியூர் போயிருக்கிற ராத்திரியில் குழாய் பிய்த்துக்கொண்டால், மற்றவர் முழங்கால் தண்ணீரில் நின்றபடி "மெயின் வால்வு எங்கே?" என்று போனில் கேட்க வேண்டியிருக்கும். யார் செய்தாலும் சரி, இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டிய சில காரியங்கள் இவை.

சாமான் இறங்கும் முன், வீடு காலியாக இருக்கும்போதே தண்ணீர் மீட்டர், மின் மீட்டர் இரண்டையும் எண் தெரியும்படி படம் எடுங்கள். சுவர் விரிசல், ஈரக்கறை, உடைந்த டைல்ஸ் இருந்தால் அவற்றையும் எடுத்து அன்றைக்கே வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். பிறகு எல்லாக் குழாய்களையும் மூடி, தண்ணீர் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஒரு சொட்டுக்கூடப் புழங்காமல் இருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் ஃப்ளஷ் தொட்டிதான் குற்றவாளி. தொட்டிக்குள் கலர்ப்பொடியைக் கொஞ்சம் கரைத்துவிட்டு, 20 நிமிடம் ஃப்ளஷ் செய்யாமல் பாருங்கள். கீழே கோப்பையில் கலர் தெரிந்தால் தொட்டியின் அடி ரப்பர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அது சின்ன உதிரிபாகம், மாற்றிவிடலாம். மெயின் வால்வை இரண்டு பேரும் ஒரு தடவை மூடித் திறந்து பாருங்கள். பல வருஷமாகத் தொடாத வால்வு இறுகிப்போயிருக்கும். குறடு போட்டு முரட்டுத்தனமாகத் திருகினால் தண்டு முறியும். அசையவில்லையென்றால் பிளம்பரைக் கூப்பிடுவதே நல்லது.

மின்பெட்டியில் எந்த எம்சிபி (லோடு மீறினால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச்) எந்த அறைக்கு என்று எழுதியிருப்பது அபூர்வம். ஒருவர் பெட்டியருகே நின்று ஒவ்வொன்றாக அணைக்க, மற்றவர் போன் சார்ஜரை ஒவ்வொரு பிளக்கிலும் செருகிப் பார்த்துச் சொன்னால் அரை மணியில் வேலை முடியும். அங்கேயே காகிதத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். பெட்டியில் டெஸ்ட் பட்டன் உள்ள ஆர்சிசிபி (மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் அந்தப் பட்டனை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றச் சொல்லுங்கள், உயிர் காக்கிற சாதனம் அது. இஸ்திரிப்பெட்டியும் ஹீட்டரும் சேர்ந்து ஓடிச் சில நிமிடங்களில் எம்சிபி விழுந்தால் லோடு அதிகம். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்ட பிறகும் போட்டவுடன் விழுந்தால் கோளாறு பெரும்பாலும் வயரிங்கில் இருக்கும். திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள்.

முன்பு குடியிருந்தவர்களிடம் எத்தனை சாவி இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டுப் பூட்டை மாற்றிவிடுங்கள். சிலிண்டர் பூட்டாக இருந்தால் முழுப் பூட்டையும் கழற்ற வேண்டியதில்லை. கதவின் பக்கவாட்டில் தெரியும் நீள ஸ்க்ரூவைக் கழற்றி, சாவியைச் செருகிக் கொஞ்சம் திருப்பினால் சிலிண்டர் வெளியே வரும். அந்த ஸ்க்ரூ ஓட்டையின் நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் உள்ள தூரத்தைத் தனித்தனியாக மில்லிமீட்டரில் அளந்து வாங்குங்கள். மொத்த நீளம் மட்டும் பார்த்து வாங்கி ஏமாறுவதுதான் அடிக்கடி நடக்கிறது: 30-40க்குப் பதில் 35-35 வந்து சேரும், ஒரு பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். முழு வேலையையும் கதவைத் திறந்து வைத்தே செய்யுங்கள்.

ஃபிரிட்ஜைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் உடனே பிளக் செருகாதீர்கள். கம்ப்ரஸரிலிருந்த எண்ணெய் குழாய்களுக்குள் ஓடியிருக்கும். எவ்வளவு நேரம் படுத்திருந்ததோ அவ்வளவு நேரம் நிமிர்த்தி வையுங்கள், சந்தேகமென்றால் 24 மணி நேரம். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் என்றால் பின்னால் போக்குவரத்து போல்ட் (வண்டியில் வரும்போது டிரம் ஆடாமல் பிடித்துவைப்பது) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கழற்றாமல் ஓட்டினால் மெஷின் அறை முழுக்க நடந்து போகும், உள்ளேயும் சேதமாகும். கழற்றிய போல்ட்டுகளை ஒரு பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த தடவை வீடு மாறும்போது தேடுவீர்கள்.

பூட்டிக் கிடந்த வீட்டில் குளியலறை நாற்றமடித்தால் பயப்பட வேண்டாம். சாக்கடை வாடை மேலே வராமல் தடுக்க வடிகால் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு வாளி ஊற்றுங்கள்.

பணத்தில் சரிபாதி என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கும். வருமானம் 3:2 என்று இருக்கும்போது பொதுச் செலவு 100ல் 60, 40 என்று போடுவதே ஒத்துவரும். ஒருவர் மற்றவர் வேலைக்காக ஊர் மாறி, இப்போதைக்குச் சம்பளமில்லாமல் இருந்தால் இந்தக் கணக்கும் உதவாது. அப்போது எத்தனை மாதம் யார் தாங்குவது என்பதைத் தேதி போட்டுப் பேசிக்கொள்ளுங்கள். அவர் கைச்செலவுக்கு அன்றாடம் கேட்டு வாங்கும்படி வைக்காமல், மாத ஆரம்பத்திலேயே அவர் கணக்குக்குப் போட்டுவிடுங்கள். முன்பணத்தில் யார் எவ்வளவு போட்டது என்பதையும் எழுதி வையுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் இரண்டு பெயரும் இருக்கட்டும். ஒரு பெயர் மட்டும் இருந்தால், முகவரிச் சான்று கேட்கிற இடத்திலெல்லாம் மற்றவர் தடுமாறுவார். பழைய போன் நம்பரை அவசரப்பட்டு ரத்து செய்யாதீர்கள். வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும். எல்லாக் கணக்கிலும் புது நம்பர் ஏறிய பிறகு விடலாம்.

வேலைக்குப் போகிறவருக்கு ஊர் தானாகப் பழகிவிடும். வீட்டிலிருப்பவருக்கு அப்படி இல்லை. இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனை, மருந்துக்கடை இரண்டுக்கும் ஒவ்வொருவரும் தனியாக ஒரு முறை போய் வந்துவிடுங்கள். வேலையிடத்துக்குப் போக மேப் காட்டும் நேரத்தை நம்பாமல், கிளம்ப வேண்டிய அதே மணிக்கு ஒரு வேலைநாளில் ஒத்திகை பாருங்கள். தினசரி மாத்திரை சாப்பிடுபவர் ஒரு மாதத்துக்கானதையும் பழைய மருந்துச் சீட்டையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளட்டும். சாமான் வண்டி தாமதமானால் அட்டைப்பெட்டிக்குள் மாட்டிக்கொள்ளும் முதல் பொருள் அதுதான்.