எண்ணெய்த் தலையும் எட்டு ஹெர்ட்ஸும்

வேலூரில் தூக்க ஆய்வு எடுக்கிற டெக்னீஷியன் வேலை எனக்கு. தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வாங்க என்று முன்கூட்டியே சொல்லித்தான் அனுப்புவோம், ஆனாலும் குடியாத்தத்திலிருந்து வந்த அந்தப் பெரியவர், ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே என்று தேங்காய் எண்ணெய் தடவிப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பேஸ்ட் வைத்து, ஒவ்வொரு எலக்ட்ரோடாக ஒட்டி முடிப்பதற்குள் இடுப்பு கழன்றுவிடும்.

"ராத்திரி ஆனா கைய ஓங்கினு அடிக்க வராரு தம்பி, எழுப்பிக் கேட்டா நாய் தொரத்துச்சின்றாரு. தாயத்துகூட கட்டிப் பார்த்துட்டோம்" என்றார் வீட்டம்மா.

கனவு வரும் ரெம் தூக்கத்தில் உடம்பு அசையாதபடி தசைகளை மூளைத்தண்டு பூட்டி வைக்கும். அந்தப் பூட்டு கழன்றால் கனவில் விடுகிற உதை பக்கத்தில் படுத்திருப்பவர்மேல் விழும். 1986-இல் அமெரிக்காவில் ஷெங்க், மகோவால்ட் குழுவினர் இதை ரெம் தூக்க நடத்தைக் கோளாறு என்கிற தனிக் கோளாறாக விவரித்தார்கள். இதோடு நின்றால் பரவாயில்லை. 2019-இல் வந்த பன்னாட்டு ஆய்வில், இந்தக் கோளாறு உள்ளவர்களில் 12 ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 73 சதவீதம் பேருக்கு பார்க்கின்சனோ லூயி பாடி மறதிநோயோ அந்த வகையைச் சேர்ந்த வேறொன்றோ வந்துவிடும் என்று கணக்கிட்டிருந்தார்கள்.

எல்லோருக்கும் வீடியோவில் அந்த உதையைப் பார்க்கத்தான் ஆசை. நான் கவனமாகப் பார்ப்பது விளக்கணைப்பதற்கு முன், கண்ணை மூடி, ஆனால் தூங்காமல் படுக்கச் சொல்கிற அந்தச் சில நிமிடங்களை. அப்போது பின்மண்டையில் ஆல்ஃபா என்கிற மூளை மின்அலை ஓடும், விநாடிக்கு 8 முதல் 13 தடவை வரை, அதைத்தான் ஹெர்ட்ஸ் என்போம். இந்தக் கோளாறு உள்ளவர்களை மற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் இஇஜி, அதாவது மூளை மின்அலைப் பதிவு, மெதுவாகி 4 முதல் 8 வரையிலான தீட்டா பக்கம் சரிந்திருந்தது, நினைவாற்றல் சோதனைகளில் பின்தங்கியவர்களிடம் இன்னும் கூடுதலாக. ஆனால் கொஞ்சம் கண் அசந்தாலே யாருக்கும் தீட்டா வந்துவிடும், அதனால் "ஐயா, தூங்காதீங்க" என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கே கொடுக்கிற குளோனசிபாம் மாத்திரை வேறு, ஆல்ஃபாவைவிட வேகமான பீட்டா அலையை ஏற்றிவிடும், மாத்திரை விவரம் எழுதாத ரிப்போர்ட்டை நான் நம்புவதில்லை.

காலையில் ஒயரைக் கழற்றும்போது, "தம்பி, தலையில இன்னா தெரியுது?" என்றார். டாக்டர் சொல்வார் என்றேன். தட்டிக்கழிப்பதற்காக அப்படிச் சொல்லவில்லை, ஆட்களைக் கூட்டமாக வைத்துப் பார்த்தால் தெரிகிற வித்தியாசத்தை ஒரே இரவுப் பதிவை வைத்து ஒருவர் தலையில் கட்டக் கூடாது. அந்தம்மாவிடம் மட்டும், கட்டில் வேண்டாம், தரையில் மெத்தை போடுங்க, கைக்கெட்டுற தூரத்துல சொம்பு, டார்ச் லைட்டுன்னு எதுவும் வைக்காதீங்க, நீங்க கொஞ்ச நாள் தள்ளிப் படுங்க என்று சொல்லி அனுப்பினேன்.