அடையாள அட்டையில் ஒரு பெயர், பட்டியலில் இன்னொரு பெயர்

கொழும்பில் ஒரு பெரிய தொழில்நுட்ப நிறுவனம் நடத்திய டெவலப்பர் மாநாட்டுக்குப் போய் வந்து மூன்று நாள் ஆகிறது. கோபம் இன்னும் ஆறவில்லை. வன்னியிலிருந்து அடுத்த முறை போகிறவர்கள் நான் நின்றதுபோல வாசலில் நிற்கக்கூடாது.

பதிவு சுலபம். ஆனால் படிவத்தை அனுப்பியவுடன் வரும் மின்னஞ்சலை நம்பி பஸ்ஸுக்குக் காசு கட்டாதீர்கள். இடம் உறுதி என்று பிறகு வருவதுதான் அனுமதி.

விசுவமடுவிலிருந்து பரந்தன் வழியாகக் கிளிநொச்சி வந்து இரவு பஸ் ஏறினேன். முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறியதுவரை எல்லாம் சரி. பஸ்ஸில் சார்ஜ் போடும் இடம் வேலை செய்யவில்லை. விடிய இறங்கும்போது போன் செத்துவிட்டது. அனுமதிக்கான கியூஆர் குறியீடு அந்தப் போனுக்குள்தான் இருந்தது.

வாசலில் அடையாள அட்டையைக் கேட்டார்கள். கொடுத்தேன். பட்டியலில் என் பெயர் இல்லையாம். அட்டையில் அப்பாவின் பெயர் முதலில், என் பெயர் பின்னால். படிவத்திலோ முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு பெட்டி. தலைப்பெழுத்தை மட்டும் போட்டால் ஏற்கவில்லை என்பதால் என் பெயரை முதலிலும் அப்பாவின் பெயரைக் கடைசியிலும் எழுதியிருந்தேன். மேசையில் இருந்தவர் அட்டையின் முதற்சொல்லை வைத்தே தேடினார். மாற்றித் தேடிப் பாருங்கள் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சொன்னேன். “ஓரமாக நில்லுங்கள்” என்றார். முக்கால் மணி நேரம். தொடக்க உரை முடிந்து கைதட்டுவது வெளியில் கேட்டது. அதைக் கேட்கத்தான் இரவு முழுக்கப் பயணம் செய்து வந்திருந்தேன். எங்களில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. இந்த நாட்டில் மாநாடு வைக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

கடைசியில் வரிசையில் நின்ற மட்டக்களப்பு அண்ணா ஒருவர் தன் பவர் பேங்கை நீட்டினார். “தம்பி, போனை உயிர்ப்பிச்சு அந்தக் குறியைக் காட்டுங்க. பேரே தேவைப்படாது.” அப்படித்தான் நடந்தது. ஒரு நிமிடத்தில் உள்ளே விட்டார்கள்.

ஆகவே குறியீட்டைத் தாளில் அச்செடுத்து வையுங்கள். பெயரை அட்டையில் உள்ள வரிசையிலேயே நிரப்புங்கள்.

மதியப் பயிற்சியில் எல்லாரும் ஒரே நேரத்தில் பைத்தான் என்ற நிரல்மொழிக்கான நூலகங்களை, அதாவது ஆயத்தமாக எழுதி வைத்த நிரல் தொகுப்புகளை, இறக்க, வைஃபை நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் சிக்னல் வந்து வந்து போகும். அதனால் முந்தின வாரமே கிளிநொச்சியில் நண்பனின் அறையில் இருந்து, ‘பிப் டவுன்லோட்’ கட்டளையால் எல்லாவற்றையும் ஒரு கோப்புறையில் சேமித்திருந்தேன். என் மேசையில் நாலு பேருக்கு அதை யுஎஸ்பியில் கொடுத்தேன். கவனம்: இறக்கும் கணினியிலும் நிறுவும் கணினியிலும் பைத்தான் பதிப்பும் இயங்குதளமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சில கோப்புகள் ஏறாது.

கேள்வி நேரத்தில் கையை உயர்த்தினேன். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கும் செய்தியைக் கமக்காரருக்குக் குறுஞ்செய்தியாக அனுப்ப நானும் நண்பனும் ஒரு நிரல் எழுதுகிறோம். தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறிகள்தான். ஆங்கிலத்தில் 160. அதனால் நீளமான செய்தியை வெட்டி அனுப்புகிறோம். ‘நெல்’ கண்ணுக்கு 2 எழுத்து, கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும் பைத்தானுக்கு நீளம் 4. மூன்றில் வெட்டினால் புள்ளி போய் ‘நெல’ என்று நிற்கும். இதற்கு என்ன வழி என்று கேட்டேன். பேச்சாளர் மேடையிலிருந்து இறங்கி என் லப்டொப் பக்கமே வந்தார். பைத்தானோடு வரும் ‘ரீ’ என்ற நூலகத்தில் இதற்கு வழியில்லை, ‘ரெஜெக்ஸ்’ என்ற நூலகத்தைத் தனியாக நிறுவினால் பின்சாய்கோடு எக்ஸ் (\X) என்ற குறி எழுத்தை முழு எழுத்தாகவே பிரிக்கும் என்று தட்டிக் காட்டினார்.

திரும்பும் பஸ்ஸில் சார்ஜ் வேலை செய்தது. முறிகண்டி வருவதற்குள் நிரலை மாற்றி, நீளமான செய்தி ஒன்றை வெட்டிப் பார்த்தேன். ஒரு புள்ளியும் கழலவில்லை.