தென்பெரம்பூர் படம் ஒருவழியாக வந்துவிட்டது

காவிரி டெல்டா ஆறுகளுக்காக நான் கட்டிக்கொண்டிருக்கும் இணையதளத்தில் தென்பெரம்பூர் ரெகுலேட்டர் (தண்ணீரைப் பிரித்துவிடும் மதகு) படம் இப்போதுதான் ஒழுங்காகத் தெரிகிறது. வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு பிரியும் இடம், அந்தப் படம் இல்லாமல் வெட்டாறு பக்கம் எதற்கு?

ஆறு பிரிகிறபடியே ஃபோல்டரும் வைத்திருக்கிறேன், வெண்ணாறுக்குள் வெட்டாறு. படங்கள் மேலே தனியாக. ஒரு ../ என்றால் ஒரு படி மேலே, ஆகவே ../../படங்கள்/ என்று ஏறிப் போக வேண்டும். வீட்டு லேப்டாப்பில் ஜோராக வந்தது. நண்பர் தன் டொமைனில் ‘டெல்டா’ என்று ஒதுக்கிக் கொடுத்த ஃபோல்டரில் ஏற்றினால் 404, அதாவது ஃபைல் இல்லை என்ற பதில்.

எல்லாம் முகவரியின் கடைசிச் சாய்கோடு (/) செய்த வேலை. முகவரியில் கடைசிச் சாய்கோட்டுக்கு அப்புறம் இருப்பதை வெட்டிவிட்டுத்தான் பிரவுசர் கணக்கையே ஆரம்பிக்கும். டெல்டா/வெண்ணாறு/வெட்டாறு/ என்றால் இரண்டு படி ஏறியதும் டெல்டா. அந்தக் கோடு இல்லையா, வெட்டாறு என்பது ஃபைல் பெயராகிவிடும், அதே இரண்டு படி டெல்டாவையும் தாண்டி டொமைன் வாசலுக்குப் போய்விடும். சில சர்வர்கள் தாமாகவே கோட்டைச் சேர்த்துத் திருப்பி அனுப்பும், எனக்கு வாய்த்தது அப்படியே பக்கத்தைத் தூக்கிக் கொடுக்கிற ரகம். சரி, வீட்டில் மட்டும் எப்படி வந்தது? அங்கே தளமே ரூட்டில், அதாவது முகவரியின் உச்சிப் படியில், இருக்கிறது, ரூட்டுக்கு மேலே ஏறச் சொன்னால் பிரவுசர் மூச்சே விடாமல் ரூட்டிலேயே நின்றுகொள்ளும். கணக்கு தப்பு, விடை சரி!

/டெல்டா/படங்கள்/ என்று ரூட்டிலிருந்தே எழுதலாம்தான், ஆனால் நாளைக்கு டெல்டா ஃபோல்டரின் பெயரோ இடமோ மாறினால் அத்தனை பக்கத்தையும் திருத்த வேண்டும், பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாலும் திறக்காது. பக்கத்தின் எல்லாப் பாதைகளுக்கும் ஒரே தொடக்க இடத்தைக் குறிக்கும் பேஸ் டேக்கைத் தொடவே இல்லை, பக்கத்துக்குள்ளேயே தாவுகிற # இணைப்புகளையும் அது இழுத்துக்கொண்டு போய்விடும். கடைசியில் ஒவ்வொரு இணைப்பிலும் வெட்டாறு/இன்டெக்ஸ்.ஹெச்டிஎம்எல் என்று முழுப்பெயரையே எழுதிவிட்டேன். பார்க்க அசிங்கம்தான், ஆனால் சர்வரிலும் ஓடுகிறது, பென் டிரைவிலும் ஓடுகிறது. வெறும் ஃபோல்டரைச் சுட்டினால் பென் டிரைவில் ஃபைல் பட்டியல்தான் விரியும்.



பின்னணிப் படம் இன்னும் பாக்கி. சிஎஸ்எஸ்ஸுக்குள் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் ஃபைல்) எழுதும் பாதை பக்கத்திலிருந்து இல்லை, சிஎஸ்எஸ் ஃபைல் இருக்கும் இடத்திலிருந்து தொடங்கும், ஆக அங்கே ஒரே ../ போதும். அதை முடிப்பதற்குள் குடமுருட்டிக்கும் அரசலாற்றுக்கும் ஃபோல்டர் திறந்தாயிற்று. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் கல்லணைக்கு வந்ததும் படம் எடுக்கக் கிளம்பணும்.