நிற்கிற வண்டிக்கு யார் காசு கொடுப்பது?

சிவகங்கை மாவட்டத்தில், இளையான்குடிப் பக்கம், நாங்கள் ஐந்து ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு ஆம்புலன்ஸ் வைத்திருக்கிறோம். வண்டி 2024 சித்திரையில் வந்தது. அதன் செலவை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று பேசி முடிக்க அடுத்த மாசி ஆகிவிட்டது. நான் மகளிர் குழுக் கூட்டமைப்பில் கணக்கு எழுதுகிறவள். வண்டிக் கணக்கும் என் கையில்தான். பக்கத்து ஊர்களிலிருந்து சிலர் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது, 108 இருக்கும்போது தனி வண்டி எதற்கு என்பதுதான். 2008-லிருந்து தமிழ்நாட்டில் அந்த வண்டி ஓடுகிறது, காசு வாங்குவதில்லை, எங்கள் ஊர்களில் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. இன்றைக்கும் அவசரம் என்றால் முதலில் அந்த எண்ணைத்தான் போடச் சொல்கிறோம். ஆனால் அது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வண்டி. அங்கிருந்து வீட்டுக்குக் கூட்டிவருவது அதன் வேலை இல்லை. என் மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்து, மதுரையில் ஆபரேஷன் முடிந்து, உட்காரக்கூட முடியாத நிலையில் வீட்டுக்குக் கொண்டுவர ஒரு தனியார் வேனுக்கு 5,500 ரூபாய் கொடுத்தோம். வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போகிறவர்கள், பக்கவாதத்தில் படுத்தவர்கள், மாவுக்கட்டுப் பிரிக்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் இதே கதிதான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகிற எங்கள் குழுப் பெண் ஒருத்தியிடம் படுக்கையில் இருப்பவர்களின் பட்டியல் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இது எங்கள் வீட்டுக் கஷ்டம் மட்டும் இல்லை என்று புரிந்தது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகள் காசு சேர்த்து ஒரு பழைய வண்டியை வாங்கித் தந்தார்கள். ஆர்.சி. புத்தகத்தில் ஆம்புலன்ஸ் என்றே பதிவான வண்டி, ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன் எல்லாம் உண்டு. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஐந்து ஊரையும் சுற்றிவந்தோம். வண்டி வாங்கிய மிச்சக் காசில் டிரைவர் சம்பளமும் மற்றதும் ஐந்து மாதம் ஓடின.

ஆவணியில் இன்சூரன்ஸ் முடிந்தது. ஒவ்வொரு ஊரும் அடுத்த ஊர் கட்டியிருக்கும் என்று நினைத்திருக்கிறது. டிரைவர் தம்பி சாவியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டு, "அக்கா, இன்சூரன்ஸ் இல்லாம எடுக்க மாட்டேன். பேஷண்ட வச்சுக்கிட்டு எங்கயாவது மோதிட்டா யாருக்கா பொறுப்பு?" என்றான். அவன் சொன்னது முழுக்க நியாயம். பதினோரு நாள் வண்டி வேப்பமரத்தடியில் நின்றது.

எட்டாவது நாள் ராத்திரி, கிழக்கே கடைசி ஊரில் தரையில் படுத்திருந்த ஒரு பையனைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. 108-ஐக் கூப்பிட்டார்கள், வண்டியும் புறப்பட்டுவிட்டது. ஆனால் பெற்றவர்களுக்குக் காத்திருக்க மனசு வரவில்லை. பையனை நடுவில் உட்காரவைத்து, பின்னால் அவன் சித்தப்பா கட்டிப்பிடித்துக்கொள்ள, 21 கிலோமீட்டர் பைக்கில் போனார்கள். பாம்பு கடித்தவனை அசைக்காமல் படுக்கவைத்துக் கொண்டுபோக வேண்டும். அந்த ரோட்டில் குழிக்குக் குழி அவன் குலுங்கிக்கொண்டே போயிருக்கிறான். போகிற வழியில் எங்கள் வேப்பமரத்தைத் தாண்டித்தான் போயிருக்கிறார்கள். மருந்து ஏறி, பிழைத்துக்கொண்டான். அவன் அம்மா பிறகு என்னைப் பார்த்தபோது திட்டவில்லை. "வண்டி நின்னுச்சு மதினி, நான் பாத்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரமே பிள்ளையார் கோயில் மண்டபத்தில் ஐந்து ஊர்ப் பெரியவர்களும் கூடினார்கள்.

அதுவரை செலவு என்றாலே டீசல் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நான் நோட்டைப் பிரித்து வாசித்தேன். பகல் டிரைவருக்கு 15,000, ராத்திரி டிரைவருக்கு 9,000. இன்சூரன்ஸ், எஃப்.சி., டயர், சர்வீஸ் இவற்றுக்கு மாதம் எடுத்துவைக்க வேண்டியது 6,000. ஆக்சிஜன், போன், வண்டி கழுவுவது 1,500. ஆக மாதம் 31,500 ரூபாய். மாதம் முழுக்க ஒரு நோயாளிகூட ஏறாவிட்டாலும் இந்தக் காசு போயே தீரும். டீசல் இதற்கு மேல். இதை அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்குப் புரியவைக்கவே ஒரு கூட்டம் சரியாகப் போய்விட்டது. ஆம்புலன்ஸ் வைக்க நினைக்கிற ஊர் எதுவானாலும் வண்டி விலையைக் கேட்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது யார் எவ்வளவு என்பது. ரோட்டோரத்து ஊர்தான் பெரியது, 420 குடும்ப அட்டை. ஆஸ்பத்திரி அவர்களுக்கு ஆறு கிலோமீட்டர், பஸ் உண்டு, ஆட்டோ உண்டு. அந்த ஊர்ப் பெரியவர் கேட்டார்: "நாங்க ஏறுறதே இல்ல. ஏறுறவன் குடுக்கட்டும். டிரிப்பு கணக்குப் போட்டு வாங்குங்க." சொன்ன விதம் கொஞ்சம் கடுமைதான், ஆனால் கேள்வி தப்பில்லை. ஐந்து மாதத்தில் மொத்தம் 61 டிரிப். அதில் 420 அட்டை உள்ள அவர்கள் ஊருக்கு 14. வெறும் 70 அட்டை உள்ள கடைசி ஊருக்கு 19.

அன்றைக்கு யாரும் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு, டிரிப் கணக்கை அட்டைக் கணக்காக மாற்றிப் பார்த்தேன். வண்டி ஓடாவிட்டாலும் ஆகிற அந்த நிற்கிற செலவை, ஐந்து மாதத்துக்கும் சேர்த்து, 61 டிரிப்புக்குப் பிரித்தால் ஒரு டிரிப்புக்கு ஏறக்குறைய 2,580 ரூபாய் வருகிறது. அப்படி வாங்கினால் கடைசி ஊரில் ஒரு அட்டைக்கு மாதம் 140 ரூபாய். ரோட்டோரத்து ஊரில் 17 ரூபாய். ஐந்து ஊரிலும் உள்ள 1,050 அட்டைக்கும் சமமாகப் போட்டால் அட்டைக்கு 30. ஆக, சமமாகப் போட்டால் ரோட்டோரத்து வீட்டுக்குக் கூடுவது மாதம் 13 ரூபாய். டிரிப்புக்குப் போட்டால் கடைசி ஊர் வீட்டுக்குக் கூடுவது 110 ரூபாய். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், அதேதான் வந்தது. அடுத்த கூட்டத்தில் இந்த இரண்டு எண்ணையும் ஒரு பெரிய தாளில் எழுதித் தூணில் மாட்டினேன்.

அதைப் பார்த்தும் ரோட்டோரத்து ஊர்க்காரர்கள் உடனே இறங்கி வரவில்லை. இறங்கவைத்தவர் எங்கள் ஊர்ப் பழைய நீர்பாய்ச்சி. கண்மாய்த் தண்ணீரை மடை மடையாகத் திறந்துவிட்டு வயலுக்குப் பாய்ச்சுகிற வேலை, அவருக்கு எண்பது வயசு இருக்கும். கூட்டத்தில் அவர் பேசி நான் பார்த்ததே இல்லை. எழுந்திருக்காமலே சொன்னார்:

"எனக்கு ஏக்கருக்கு இத்தனை மரக்காலுன்னு நெல்லு அளந்தீக. கடைமடைக்குத் தண்ணி கொண்டுபோக ராத்திரி பூரா வரப்புல நடப்பேன். தூரமா இருக்கேன்னு அவன்கிட்ட கூட அளக்கச் சொன்னமா? தலைமடைக்காரன் எனக்குச் சிரமமே இல்லைன்னு அளக்காம இருந்தானா?"

ரோட்டோரத்துப் பெரியவர் கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி மாமா, அட்டைக்கே போடுங்க. டீசல மட்டும் ஏறுறவுக குடுக்கட்டும்" என்றார். கடைசியில் நின்ற ஏற்பாடும் அதுதான். நிற்கிற செலவு எல்லோருக்கும் சமம். டீசலுக்குக் கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் அந்த வீட்டார் தருவார்கள். ஏறும்போது காசு கேட்கக் கூடாது, ஒரு மாதத்துக்குள் கொடுத்தால் போதும். முடியாதவர்கள் பேரைக் கூட்டத்தில் வாசிப்பதில்லை, அந்தத் தொகையைச் சிங்கப்பூர்ப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டார்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய சண்டை வேறொன்று. 'அட்டைக்கு' என்று இப்போது சுலபமாக எழுதுகிறேன். முதல் கூட்டத்தில் யாரும் அட்டை என்றே சொல்லவில்லை, கோயில் வரிக்கு வீடுகளை எண்ணுகிற தலைக்கட்டு என்றார்கள். "கோயில் நோட்டு இருக்கே, அதையே வச்சு வசூல் பண்ணிடலாம்." ஐந்து ஊர் நோட்டையும் கூட்டினால் 790 தலைக்கட்டுதான். மிச்சம் 260 வீடு எங்கே? புருஷனை இழந்தவர்களை அரைத் தலைக்கட்டு என்றோ கணக்கிலேயே சேர்க்காமலோ விட்டிருந்தார்கள். தெற்குத் தெரு வீடுகள் எதுவுமே நோட்டில் இல்லை. அவர்களிடம் கோயில் வரி வாங்கும் வழக்கம் எங்கள் ஊர்களில் இருந்ததே இல்லை. அது சாதி பார்த்து வந்த வழக்கம், அதை வேறு பேர் வைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

"அவுகளுக்கு வேணும்னா வண்டியக் கூப்பிட்டுக்கட்டும், வரி வேணாம்" என்று ஒருவர் பெருந்தன்மையாகவே சொன்னார். மண்டபத்துக்கு வெளியே, மரத்தடியில் நின்றிருந்த தெற்குத் தெருக் குழுத்தலைவி, "வரி வாங்கலைன்னா ஒருநா வண்டியும் வராதுண்ணே. எங்க பேரையும் எழுதுங்க" என்றாள். அவள் வெளியே நின்றுதான் பேச வேண்டியிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த கூட்டத்திலிருந்து ரேஷன் கடை வாசலுக்கு மாற்றச் சொன்னேன். இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், வந்தார்கள். கடைப் பட்டியலை வைத்தே எண்ணினோம். அட்டை ஊரிலும் ஆட்கள் திருப்பூரிலுமாக இருக்கிற வீடுகள் விலக்குக் கேட்டன. அப்பா அம்மா இங்கேதானே இருக்கிறார்கள் என்று அதையும் ஒத்துக்கொள்ள வைத்தோம்.

வண்டியை யார் பேரில் வைப்பது என்று கொஞ்ச நாள் இழுத்தது. ஊராட்சி பேரில் வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். தலைவரே வேண்டாம் என்றார். 2025 ஜனவரியோடு அவர்கள் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வரப்போகிறார், ஆள் மாறினால் ஏற்பாடும் மாறிப்போகும் என்றார். சொன்னபடியே நடந்தது. ஊருக்கு இரண்டு பேர் வீதம் பத்துப் பேர் வைத்து ஒரு அறக்கட்டளை பதிவு செய்தோம், இரண்டில் ஒருவர் பெண் என்று பத்திரத்திலேயே எழுதினோம். ஆர்.சி. அதன் பேருக்கு மாறியது. வங்கிக் கணக்கில் மூன்று ஊர்க்காரர்கள் கையெழுத்துப் போட்டால்தான் காசு எடுக்க முடியும். வண்டி நிற்கிற இடம் நடு ஊரான எங்கள் ரேஷன் கடை ஓரம்.

மாதா மாதம் முப்பது ரூபாய்க்கு வீடு வீடாக அலைய முடியாது. வருஷத்துக்கு 360. தையில் நெல் அறுத்த பிறகு பாதி, சித்திரையில் மிளகாய் விற்ற பிறகு பாதி. முதல் வசூல் மாசியில்தான் நடந்தது. ஒரு அப்பத்தா முந்தானை முடிச்சை அவிழ்த்து 180 ரூபாய் எண்ணி வைத்தார். நான் பழக்கத்தில் செத்துப்போன தாத்தா பேரை ரசீதில் எழுத ஆரம்பித்தேன். "அவரு போயி இருவத்திரண்டு வருஷமாச்சு ஆத்தா. காசு எம்புட்டு, பேரும் எம்பேரா இருக்கட்டும்" என்றார். அந்த ரசீதைக் கிழித்துவிட்டு அவர் பேரில் வேறு எழுதினேன். வாங்கி, நாலாக மடித்து, மருந்துச்சீட்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டார். கோயில் நோட்டில் அவர் பேரே இல்லை.

எல்லாம் சீராக ஓடுகிறது என்று சொல்ல மாட்டேன். முதல் வசூலில் 1,050-க்கு 912 வீடுதான் கட்டியது. ராத்திரி டிரைவர் நல்ல சம்பளம் கிடைத்துப் போய்விட்டார், வேறு ஆள் கிடைக்கும்வரை மூன்று பையன்கள் முறை வைத்து ஓட்டினார்கள். ஆனால் இன்சூரன்ஸ் இந்தத் தடவை முடிவதற்குப் பத்து நாள் முன்னதாகவே கட்டியாயிற்று. முடிகிற தேதியைப் பெயிண்டில் எழுதி ரேஷன் கடைச் சுவரில் வைத்திருக்கிறோம், ஐந்து ஊரும் சாமான் வாங்க வரும்போது பார்க்கும்படி.

இப்போது ஆறாவதாக ஒரு ஊர் சேரக் கேட்கிறது. வண்டி விலையில் பங்கு தர வேண்டுமா, நிற்கிற செலவு மட்டும் போதுமா என்று வரும் ஞாயிற்றுக்கிழமை பேசப்போகிறோம். தலைக்கட்டு நோட்டு எதுவும் வேண்டாம், ரேஷன் கடைப் பட்டியலைக் கொண்டுவாருங்கள் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.