மதம் மாறாதவர்களின் பள்ளிக்கூடம்

என் பூட்டனார் அமெரிக்க மிஷன் நடத்திய வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர். பாட்டனாரும் அப்பாவும் நானும் அதே இடத்தில் பிறகு எழுந்த யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்தோம். இத்தனை தலைமுறையிலும் எங்கள் வீட்டில் வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, மாறி நிலைத்தவர் ஒருவரும் இல்லை. பூட்டனார் மட்டும் கொஞ்சக் காலம் யாரோ ஒரு அமெரிக்கரின் பெயரைச் சுமந்துகொண்டு திரிந்தாராம். அங்கே படித்த பையனுக்குப் பொஸ்டன் பக்கத்திலிருந்து பணம் அனுப்பியவரின் பெயரையே வைத்துவிடுவது அந்தக் காலத்து வழக்கம். உத்தியோகம் கிடைத்ததும் பெயரைக் கழற்றிவிட்டு விபூதியைப் பூசிக்கொண்டார் என்று அப்பம்மா சிரித்துச் சிரித்துச் சொல்வார்.

பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழுத் தம்பிமார் என்னிடம் கேட்டது விடுதிக் காலத்துப் பகிடிகளை. அவற்றை எழுத என்னைவிடக் கெட்டிக்காரர்கள் சங்கத்தில் இருக்கிறார்கள். வயது எழுபதைத் தாண்டியபின் எனக்கு வேறொரு விஷயம்தான் மனதில் ஓடுகிறது. எங்களை மதம் மாற்றவென்று கப்பலேறி வந்த அமெரிக்கப் பாதிரிமார், மாறாமல் நின்ற எங்களைக் கொண்டு இலங்கையின் வரலாற்றில் இவ்வளவு தடம் பதித்தது எப்படி?

அவர்கள் யாழ்ப்பாணத்தை விரும்பித் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். 1816இல் கொழும்பில் வந்து இறங்கியபோது பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் சண்டை ஓய்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஆங்கிலேய மிஷன்கள் தெற்கே வேலையைத் தொடங்கியிருந்தன. தேசாதிபதி பிரவுன்றிக், போங்கள் வடக்கே என்று பனங்கூடலுக்கு அனுப்பிவிட்டார். டானியல் பூரும் எட்வர்ட் வாரனும் தெல்லிப்பழைக்குப் போனார்கள். பெஞ்சமின் மெக்ஸும் ஜேம்ஸ் றிச்சட்ஸும் வட்டுக்கோட்டைக்கு வந்தார்கள். போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் திருத்திக் கட்டிய கோயில்கள் இரண்டு ஊரிலும் பாழடைந்து கிடந்தன. எங்கள் கல்லூரியை ஒட்டி நிற்கும் தேவாலயம் அப்படிப்பட்டதுதான். ஒல்லாந்தர் அதைத் திருத்தியது 1678இல். அந்தச் சுவர்களின் தடிப்பு நினைவிருக்கிறதா? சித்திரை வெயிலிலும் உள்ளே குளிரும். பிரார்த்தனைக்கு நாங்கள் காட்டிய ஆர்வத்தில் பாதிக்கு அந்தக் குளிர்தான் காரணம்.

1823இல் பூர் செமினரியைத் தொடங்கினார். சேர்ந்த பையன்கள் மிஷன் வளவுக்குள் சாப்பிட மறுத்தார்கள். பக்கத்தில் ஒரு சைவரின் காணியில் சமையல் நடந்தது. படிப்பு வேண்டும், சோறு வேண்டாம் என்ற இந்தப் பேரம் முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது. இரண்டு பகுதியும் ஒன்றையொன்று ஏமாற்றப் பார்த்தன என்றுகூடச் சொல்லலாம். வெள்ளைக்காரர் படிப்பைக் காட்டி ஆத்துமாவைப் பிடிக்கப் பார்த்தார்கள். நம்மவர்கள் ஆத்துமாவைக் கொடுக்காமல் படிப்பை வாங்கப் பார்த்தார்கள். வென்றது யார் என்று கேட்டால் நான் நம்மவர்கள் பக்கம் கையைக் காட்டுவேன்.

1829ஆம் ஆண்டுச் சந்திரகிரகணக் கதை அதற்கு நல்ல சாட்சி. அப்போது யாழ்ப்பாணத்தில் விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கத்துக்கு மிஞ்சியது கிடையாது. பூர் அந்தக் கணக்கை எடுத்துத் தன் கணக்கோடு ஒப்பிட்டார். கிரகணம் பிடிக்கும் நேரத்திலும் அளவிலும் இரண்டும் ஒத்துப்போகவில்லை. பூர் இதை ஊரறியச் சொல்லிவிட்டார். அன்று இரவு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற கூட்டத்துக்கு முன்னால் அமெரிக்கரின் கணக்குத்தான் பலித்தது. பஞ்சாங்கம் பிழை, அதனால் புராணம் பிழை, அதனால் வேதத்துக்கு வாருங்கள் என்பது பூரின் வாதம். கூடி நின்றவர்கள் எடுத்துக்கொண்டதோ வேறு: இந்தக் கணக்கைப் பிள்ளைகள் படிக்க வேண்டும். அப்புறம் வந்த அதிபர் ஹொய்சிங்டன் இன்னும் ஒரு படி மேலே போனார். நம் சோதிட கணிதத்தையே உட்கார்ந்து படித்து 1848இல் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். சைவ சித்தாந்த நூல்களையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மாற்ற வந்தவருக்கே கொஞ்சம் மாற்றம் வந்துவிட்டது போல.

பொஸ்டனில் மிஷனின் தலைமையகத்தில் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஒரு நாள் விளங்கியது. றூபஸ் அண்டர்சன் என்ற செயலாளர் நேரில் வந்து பார்த்தார். ஆங்கிலம் படித்தவர்கள் பிரசங்கம் செய்யப் போகவில்லை, அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள்; இதற்கா பணம் அனுப்புகிறோம் என்று 1855இல் செமினரியை மூடினார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் சரியான முடிவுதான். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். மூடி இரண்டு வருடத்துக்குள் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்குகிறது; அதன் முதல் பட்டதாரிகள் இருவருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். ஒருவர் தமிழில் வீசகணிதம் எழுதிய கறல் விசுவநாதபிள்ளை. மற்றவர் சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை.

தாமோதரம்பிள்ளைக்கு மிஷன் வைத்த பெயர் கிங்ஸ்பரி. அதை விட்டுச் சைவத்துக்குத் திரும்பி, தொல்காப்பியத்தையும் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். கலித்தொகை வெளிவந்தது 1887இல். பாடபேதம் பார்த்துப் பதிப்பிக்கும் பொறுமை அவருக்கு வட்டுக்கோட்டையில்தான் பழகியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அவருடைய மகன் என்ன ஆனார் தெரியுமா? பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரோடு போதகரானார். அப்பா கழற்றி வைத்த பெயரை மகன் எடுத்து மாட்டிக்கொண்டார்!

ஆறுமுக நாவலர் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை அல்லர். அவர் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் இருந்தவர். ஆனால் அவரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அடுத்த வருடம் அச்சுக்கூடம் வந்தது. பிரசங்கம், பள்ளிக்கூடம், அச்சு, வினாவிடை என்று பாதிரிமார் கொண்டுவந்த ஆயுதம் ஒவ்வொன்றையும் எடுத்து அவர்களுக்கு எதிராகவே பிடித்தார். மிஷன் வராமல் இருந்திருந்தால் நாவலர் பெரிய புலவராக இருந்திருப்பார். நாவலராக இருந்திருப்பாரா என்பது சந்தேகம். எங்கள் சைவப் பெரியவர்களுக்கு இந்தப் பேச்சுப் பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை.

பெண்களின் படிப்பைச் சொல்லாமல் போனால் என் மனைவி இந்த மலரை வாசிக்கமாட்டார், அவர் உடுவில் பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஹரியட் வின்ஸ்லோ 1824இல் அங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியபோது, பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்காத வீடு கிடையாது. முதல் இரண்டு சிறுமிகளும் மழைக்கு ஒதுங்கி, வீட்டுக்குப் போக முடியாமல் அங்கே சாப்பிட்டுத் தங்கியவர்கள் என்று உடுவிலில் இன்றும் சொல்வார்கள். பிறகு எலைசா அக்னியூ அம்மையார் ஒரு முழு ஆயுளையே அங்கே கழித்தார். ஹரியட்டின் கணவர் மைரன் வின்ஸ்லோவின் அகராதி 1862இல் சென்னையில் வந்தது. 67,000க்கு மேற்பட்ட சொற்கள். கல்லூரியின் டானியல் பூர் நூலகத்தில் அதன் தடிப்பைப் பார்த்துப் பயந்து, தலையணைக்கு ஆகும் என்று நாங்கள் சொன்னதுண்டு. சரி, ஒரு பகிடியாவது எழுதிவிட்டேன்.

மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் செய்த வேலையை நான் பெரியவனான பின்தான் அறிந்தேன். 1847இல் வந்தவர். முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். 1860களில் தமிழுக்கு மாறினார். இரணவைத்தியம் (சத்திரசிகிச்சை), மனுஷ அங்காதிபாதம் (உடற்கூறு), கெமிஸ்தம் (இரசாயனம்) என்று பாடப்புத்தகங்களே வந்தன. அவரிடம் மேல்நாட்டு வைத்தியம் படித்து அறுபதுக்கு மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள்; அவர்களில் பலர் தமிழிலேயே படித்தவர்கள். இன்று உயர்கல்வியைத் தமிழில் கொடுக்க முடியுமா என்று கூட்டம் போட்டுப் பேசுகிறவர்கள் ஒருமுறை மானிப்பாய்க்குப் போய்வரலாம்.

சாதி விஷயத்தில் மட்டும் மிஷன் நூறு வருடம் தடுமாறியது. காணிக்கு வெளியே சமைத்ததில் தொடங்கிய விட்டுக்கொடுப்பு அத்தோடு நிற்கவில்லை. மதம் மாறியவர்கள்கூடச் சாதியைச் சேர்ச்சுக்குள் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த முடிச்சில் கைவைத்தவர்கள் வெள்ளைக்காரரை விட அவர்களிடம் படித்த உள்ளூர் இளைஞர்கள்தான். ஹண்டி பேரின்பநாயகம், அதாவது எங்கள் அப்பாமார் சொல்லும் ஹண்டி மாஸ்டர், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்து அங்கேயே ஆசிரியரானவர். 1924இல் அவரும் நண்பர்களும் தொடங்கிய மாணவர் காங்கிரஸ் பிறகு வாலிபர் காங்கிரஸ் ஆனது. முழுச் சுதந்திரம் கேட்டார்கள். 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தார்கள். 1931 சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். அந்தத் தீர்மானம் புத்திசாலித்தனமா என்று அப்பாவும் சித்தப்பாவும் கடைசிவரை சண்டை பிடித்தார்கள். அரசாங்க உதவி பெறும் பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தபோது ஊர் கொதித்தது. சில பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்தார்கள். வாலிபர் காங்கிரஸ் சமாசனம் என்ற இந்த உத்தரவின் பக்கம் நின்றது. சைவரும் கிறிஸ்தவரும் சேர்ந்துதான் நின்றார்கள். ஹண்டி மாஸ்டர் பிற்காலத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரிக்கே அதிபரானார் என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்புவதில்லை.

செல்வநாயகத்தின் கதையும் இதே வழிதான். ஈப்போவில் 1898இல் பிறந்தவர். தெல்லிப்பழையில் பூர் விதைத்த பள்ளிக்கூடத்தில் தொடங்கி, யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரியில் படித்து, கொழும்பில் சென் தோமஸ் கல்லூரிக்குப் போனார். கடைசிவரை கிறிஸ்தவர், அதை அவர் மறைத்ததும் இல்லை, மேடையில் விற்றதும் இல்லை. 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952இல் காங்கேசன்துறைச் சைவ வாக்காளர் அவரைத் தோற்கடித்தார்கள். 1956இல் அதே மக்கள் வெல்லவைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்று கேட்கக் கூச்சப்பட்டார்கள். 1957இல் அவரோடு ஒப்பந்தம் எழுதிய பிரதமர் பண்டாரநாயக்காவும் கிறிஸ்தவ வீட்டில் பிறந்து சென் தோமஸில் படித்தவர்தான், இடையில் பௌத்தரானார். நாட்டின் தலைவிதியை எழுத உட்கார்ந்த இருவரும் ஒரே பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள்! அந்த ஒப்பந்தம் அடுத்த வருடமே கிழிக்கப்பட்டது.

இந்த இடத்தில் நமக்குக் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். இலங்கையில் கிறிஸ்தவர்கள் 2012 கணக்கெடுப்பில் 7.6 வீதம், அதிலும் பெரும்பாலானவர்கள் கத்தோலிக்கர். ஆனால் நல்ல பள்ளிக்கூடங்களும் அவை திறந்த கதவுகளும் நெடுங்காலம் மிஷன்களின் கையில், அரசாங்கப் பணத்தின் உதவியோடு இருந்தன. பௌத்தர்களுக்கு வந்த கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1960, 61இல் அரசாங்கம் உதவி பெறும் பள்ளிக்கூடங்களை எடுத்தபோது யாழ்ப்பாணக் கல்லூரி தனியே நின்றது. பிள்ளைகளிடம் காசும் வாங்க முடியாமல் அரசாங்க உதவியும் இல்லாமல் அது எப்படிப் பிழைத்தது என்பது தனிக் கதை. நிர்வாகத்தில் இருந்தவர்கள் எழுத வேண்டியது.

என் காலத்தில் வகுப்பில் பாதிக்கு மேல் சைவப் பிள்ளைகள். வெள்ளிக்கிழமைகளில் விபூதிப் பூச்சோடு காலைப் பிரார்த்தனைக்குப் போய், வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனையைக் கிறிஸ்தவப் பெடியன்களைவிடச் சத்தமாகப் பாடுவோம். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. அப்போது பிஷப்பாக இருந்த சபாபதி குலேந்திரன், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் என்ற விஷயத்தை ஆராய்ந்து 1964இல் புத்தகம் எழுதியவர். பூருக்கும் அவருக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கார் வந்தால் வரிசையாக நிற்க வேண்டும் என்பதுதான்.

1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது விஞ்ஞான வகுப்புகள் எங்கள் கல்லூரியின் பட்டப்படிப்புப் பகுதியில்தான் நடந்தன. செமினரிப் பையன்கள் கிரகணக் கணக்குப் போட்ட ஊரில் நாங்கள் பௌதிகம் படித்தோம். 1976இல் தமிழீழம் கேட்ட தீர்மானமும் பண்ணாகத்தில் நிறைவேறி வட்டுக்கோட்டையின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டது. அதற்குத் தலைமை தாங்கியவர் செல்வநாயகம். பிறகு நடந்தவற்றை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதனால்தானே இந்த மலர் வட்டுக்கோட்டையில் அச்சாகாமல் இங்கே அச்சாகிறது.

கடைசியாகச் சங்க உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். டொக்டர் கிறீனிடம் படித்தவர்களின் பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் நம்மிடையே நிச்சயம் இருப்பீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டிகளில் இரணவைத்தியமோ அங்காதிபாதமோ, பழைய உதயதாரகைத் தாளோ கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். 1841இல் மிஷன் தொடங்கிய அந்தப் பத்திரிகையில் மிஷனைத் திட்டிச் சைவர்கள் எழுதிய கடிதங்களும் அச்சாகியிருக்கின்றன. எனக்கு அவைதான் முக்கியமாக வேண்டும். மூலப்பிரதியைத் தர மனமில்லாவிட்டால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வாட்சப்பில் அனுப்பினாலும் போதும். பூச்சி அரித்த பக்கமானாலும் பரவாயில்லை.