திரும்பி வராத நிலாக் கலங்கள்

சென்ற போயா தினத்தன்று இரவு, வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மேல்தளத்தில் நின்றபோது, அக்காவின் மகள் முழுநிலவைக் காட்டி, "மாமா, அங்க ஆக்கள் இறங்கின கலமெல்லாம் இப்ப எங்க?" என்று கேட்டாள். சந்திரனில் நடந்த மனிதர்களைப் பற்றி நாம் பேசும் அளவுக்கு அவர்களை இறக்கி ஏற்றிய கலங்களைப் பற்றிப் பேசுவதில்லை என்பதால், அவளுக்குச் சொன்னதைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

மனிதரைச் சந்திரனுக்கு அனுப்பிய அமெரிக்காவின் அப்பல்லோ திட்டத்துக்காகக் கிரம்மன் நிறுவனம் கட்டிய இறங்குகலத்துக்கு இரண்டு அடுக்குகள் உண்டு. கீழடுக்கு தரையிறக்கும், புறப்படும்போது அதுவே ஏவுமேடையாகிவிட, மேலடுக்கு மட்டும் இரு வீரர்களைச் சுமந்துகொண்டு, மேலே சுற்றிக்கொண்டிருக்கும் தாய்க்கலத்தை அடையும். காற்றில்லாத வெளிக்கென்றே எடை குறைத்துச் செய்யப்பட்ட அதன் அறைச்சுவர் சில இடங்களில் 0.3 மில்லிமீற்றர் தடிப்பே கொண்டிருந்தது. வெப்பக் கவசமும் இல்லாததால், பூமிக்குத் திரும்புவது அதன் விதியில் எழுதப்படவே இல்லை.

தரையிறங்கிய ஆறு கலங்களின் கீழடுக்குகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. மேலடுக்குகளில் நான்கு, பணி முடிந்ததும் வேண்டுமென்றே சந்திரனில் மோதவிடப்பட்டன. 1969 நவம்பரில் அப்பல்லோ 12இன் 'இன்ட்ரெபிட்' மோதியபோது, வீரர்கள் வைத்துவிட்டு வந்த நிலநடுக்கமானி ஏறத்தாழ ஒரு மணிநேரம் அதிர்வைப் பதிந்துகொண்டிருந்தது. நீரற்று நொறுங்கிக் கிடக்கும் அந்த மேலோட்டில் அதிர்வு சிதறிச் சிதறியே அடங்குகிறது. ஒரு கலத்தின் முடிவே சந்திரனின் உள்ளமைப்பைக் காட்டியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்.

அப்பல்லோ 13இன் 'அக்குவேரியஸ்' சந்திரனைத் தொடவே இல்லை. இருவருக்கென்று செய்யப்பட்ட அது, தாய்க்கலத்தின் ஒட்சிசன் தாங்கி வெடித்த பின் மூவரை ஏறத்தாழ நான்கு நாட்கள் உயிரோடு வைத்திருந்து, 1970 ஏப்ரல் 17 அன்று பசிபிக் கடலுக்கு மேலே எரிந்துபோனது. எல்லாக் கலங்களிலும் என் மனம் அதிகம் கனப்பது இதற்காகத்தான். அப்பல்லோ 10இன் 'ஸ்னூப்பி' சந்திரத் தரைக்கு 15 கிலோமீற்றர் உயரம் வரை இறங்கித் திரும்பிய பின், ஆளின்றிச் சூரியனைச் சுற்றும் பாதைக்கு அனுப்பப்பட்டது. அருங்காட்சியகங்களில் நாம் காணும் இறங்குகலங்களோ விண்வெளிக்குச் செல்லாதவை.

ஆம்ஸ்ட்ரோங்கும் ஓல்ட்ரினும் ஏறிவந்த 'ஈகிள்' மேலடுக்கு 1969 ஜூலையில் சந்திரனின் சுற்றுப்பாதையில் கைவிடப்பட்டது. சில மாதங்களில் விழுந்திருக்கும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் 2021இல் ஜேம்ஸ் மீடர் என்ற ஆய்வாளர், நாசாவின் கிரெயில் விண்கலங்கள் அளந்த சந்திர ஈர்ப்புத் தரவுகளைக் கொண்டு கணித்துப் பார்த்தபோது, அந்தப் பாதை பல பத்தாண்டுகள் கடந்தும் குலையவில்லை. எஞ்சிய எரிபொருள் கசிந்து அது வெடித்திருக்கவும் கூடும். வெடிக்காவிட்டால் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கலாம். 2009இல் தொடர்பிழந்த, ஒன்றரை மீற்றர் அளவே கொண்ட சந்திரயான்-1ஐப் பூமியிலிருந்த ரேடாரால் 2016இல் மீண்டும் கண்டுபிடிக்க முடிந்தது. ஈகிள் அதைவிடப் பெரியது. அதே ரேடாரை ஈகிளைத் தேடியும் திருப்ப வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.