செவலையை மந்தையில் சேர்த்த கதை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கிறேன். 2021-ல் ஒரு ஏலத்தில் செவலை என்ற பெண்குதிரையை வாங்கினேன். கழுத்தின் இடப்பக்கம், பிடரிக்குக் கீழே, கோணக்கோணமாக ஒரு வெள்ளைக் குறி. திரவ நைட்ரஜனில் குளிரவைத்த இரும்பால் போட்டது. அந்த இடத்தில் முடி வெள்ளையாகத்தான் முளைக்கும். படிக்கத் தெரிந்தவர் பார்த்துவிட்டு, அரசு பிடித்த முஸ்டாங், அதாவது அமெரிக்கக் காட்டுக்குதிரை, 2009-ல் பிறந்தவள் என்றார்.

பொதுநிலத்தில் திரியும் காட்டுக்குதிரைகளுக்கு 1971-ன் சட்டப் பாதுகாப்பு உண்டு. அரசு பிடித்துத் தத்துக் கொடுக்கும் குதிரையின் உரிமை, ஓராண்டு கழித்துத் தத்தெடுத்தவர் பேருக்கு மாறியதும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். பிறகு யாரும் யாருக்கும் விற்கலாம். அமெரிக்காவின் குதிரை இறைச்சிக்கூடங்கள் 2007-ல் மூடப்பட்டுவிட்டன. ஆனாலும் ஏலங்களிலிருந்து மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் இறைச்சிக்காகக் குதிரைகளை ஏற்றிய லாரி போனது. அதற்குப் பயந்தே வாங்கினேன்.

அவளைப் பழக்க இரண்டு வருடம் முயன்றேன். வலியாக இருக்குமோ என்று பல்லைப் பார்த்தோம், வயிற்றுப்புண்ணுக்கு ஒரு மாதம் மருந்து கொடுத்தோம். கொஞ்சம் தணிந்தாள். ஆனால் முகத்துக்கு அருகே கை போனால் போதும், காதைப் பின்னால் மடித்துக்கொண்டு பாய்வாள். ஒருநாள் என்னை வேலியோடு சேர்த்து நெருக்கியதில் விலா எலும்பு விரிசல் விட்டது. அவள் பயத்தில் செய்தாள், எனக்குப் புரிந்தது. புரிந்ததால் மட்டும் அவள் பயம் போய்விடாதே. தனியாக நின்றவளுக்குத் தேவைப்பட்டது வேறு குதிரைகள்.

குதிரைகளை மந்தையாக வைத்துக் காக்கும் சரணாலயங்களுக்கு எழுத ஆரம்பித்தேன். பெரும்பாலும் இடமில்லை என்றே பதில். முதல் விண்ணப்பத்தில் "கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்று எழுதியிருந்தேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு. அங்கிருந்து பேசிய அம்மா, எத்தனை முறை கடித்தாள், எத்தனை முறை உதைத்தாள், எந்த நேரத்தில், யாரை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மறைத்தால் அடிபடப்போவது எங்கள் ஆட்கள் என்றார். உட்கார்ந்து மூன்று பக்கம் உண்மையை எழுதினேன், விலா எலும்பு உட்பட. பக்கத்து மாநிலமான வயோமிங்கிலிருந்த அந்தச் சரணாலயம் அதற்குப் பிறகுதான் சம்மதித்தது. ஆயுளுக்கும் புல் போட வேண்டியவர்கள் அவர்கள். என் பங்காக மாதம் ஒரு தொகை தருவதாக எழுதிக் கொடுத்தேன்.

காகித வேலையைக் கடைசிக்கு விடாதீர்கள். குதிரைத் தொற்று இரத்தசோகை இல்லையென்று காட்ட காகின்ஸ் ரத்தப் பரிசோதனை, மாநிலம் தாண்ட மருத்துவரின் உடல்நலச் சான்று. கொலராடோவில் 75 மைலுக்கு மேல் கொண்டுபோனாலே முத்திரை ஆய்வாளர் (குதிரையின் குறியையும் உரிமையையும் சரிபார்ப்பவர்) வந்து பார்த்துச் சீட்டுத் தர வேண்டும். ரத்தம் எடுக்க அவளை இரும்புச் சட்டங்களால் ஆன குறுகிய சந்தில் நிறுத்தியபோது உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது அவளுக்கு. பார்க்க முடியவில்லை.

ட்ரெய்லருக்கு மட்டும் அவசரப்படவில்லை. தடுப்பில்லாத திறந்த ட்ரெய்லரை மூன்று வாரம் முன்பே பட்டிக்குள் நிறுத்தி, கதவைத் திறந்து கட்டிவிட்டு, தீனியை உள்ளேயே வைத்தோம். முதல் நாட்களில் வாசலில் கழுத்தை நீட்டித் தின்றாள். கிளம்பும் நாளன்று யாரும் தொடாமல் தானாகவே ஏறினாள். கட்டிப்போடாமலே கூட்டிப்போனோம்.

அங்கே முதல் வேலையாகத் தலைக்கயிற்றைக் கழற்றிவிட்டார்கள். மேய்ச்சல் நிலத்தில் கம்பியில் மாட்டினால் உயிருக்கே ஆபத்து. தொற்று பயத்தில் மூன்று வாரம் தனிப்பட்டி. பிறகு வேலிக்கு அந்தப்பக்கம் சாம்பல்நிற வயதான குதிரை ஒன்றை மட்டும் விட்டார்கள். இரண்டும் கத்தின, வேலியை உதைத்தன. ஒரு வாரத்தில் இரண்டும் வேலியை ஒட்டியே நின்று மேய்ந்தனவாம். அப்புறம்தான் கதவைத் திறந்தார்கள்.

ஆகஸ்டில் போய்ப் பார்த்தேன். இரண்டும் தலைமாடு கால்மாடாக நின்றுகொண்டிருந்தன. சாம்பல் குதிரையின் வால் செவலையின் முகத்தில் மொய்த்த ஈக்களை ஓட்டிக்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடியிருந்தாள்.